ட்ரம்ஸ் சரியில்லாத ஓர்கன்

அக்காவிடம் ஒரு பொருளைக் காட்டி, நல்லா இருக்கா என்று கேட்டால் உடனே பதில் வராது. அது சேலையாக இருக்கலாம், குடையாக இருக்கலாம், வாடகைக்கு எடுக்கப்போகும் வீடாகவும் இருக்கலாம். ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில எதை விடுறம்?" என்று கேட்பார். எல்லாம் பொருந்திய சாமான் என்று ஒன்று கிடையாது, எதையோ விட்டுத்தான் எதையும் எடுக்கிறோம், விடுவது எது என்று தெரிந்து எடுத்தால் பிறகு மனவருத்தப்படத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். இதை அவர் இப்படி விளக்கிச் சொன்னதில்லை. பல வருடம் கூடத் திரிந்ததில் நானாக விளங்கிக்கொண்டது.

என்னை அவர் பிடித்ததும் இந்தக் கேள்வியால்தான். கண்டியில் ஒரு புடவைக்கடையில் நான் விற்பனைக்கு நின்றேன். வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். காலையில் இறங்கி வந்து பின்னேரம் ஏறிப் போவேன். ஒரு நாள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நீலச் சேலை கேட்டார். நான் விரித்துப் போட்டு, சாயம் போகாது, கரை நல்லது, உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று முதலாளி சொல்லித்தந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் என்ன குறை என்றார். முதலாளி பின்னால்தான் நின்றார். நான் குரலைத் தாழ்த்தி, "மழையில நனைஞ்சா சுருங்கிரும் அக்கா" என்றேன். சரி, குடை வைத்திருக்கிறேன் என்று சொல்லி அதையே வாங்கினார். போகிறபோது, மடிக்கிற நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாயே, சத்தமாகவும் பாடுவாயா என்று கேட்டார். அடுத்த மாதமே கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக மாற்றம் கிடைத்துக் கண்டிக்கு வந்து, பிறகு திரும்பிப் போகாதவர். கல்யாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோவிலில் ஓர்கன் வாசிப்பார். சனிக்கிழமைகளில் எங்கள் இசைக்குழுவோடு கல்யாண வீடுகளில் வாசிப்பார். குழுவில் நாங்கள் நாலு பேர். அக்குறணை நஸார் கிட்டார். கெலிஓயாவுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்த சுனில் ட்ரம்ஸ். நான் பாட்டு. அக்கா ஓர்கன். சிங்களக் கல்யாணம், தமிழ்க் கல்யாணம், பறங்கியர் கல்யாணம் எதுவென்றாலும் போவோம். சுனில் சிங்களவன். அவனும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டான். சிங்களத்திலும் அதே சொல்தானே.

கோவிலில் பாடற்குழு நடத்தியவருக்கும் அக்காவுக்கும் ஓயாத இழுபறி. அக்கா எந்தப் பாட்டையும் அரைச் சுருதி, ஒரு சுருதி இறக்கித்தான் வாசிப்பார். குழுவில் நல்ல குரலுள்ள இளம்பிள்ளைகள் இருந்தார்கள். மேலே போனால் அவர்களுடைய குரல் மின்னும். அதை ஏன் கெடுக்கிறீர்கள் என்று அவர் கோபப்பட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். அக்கா ஓர்கனை மூடிக்கொண்டே, "மேல போனா பிள்ளையள் பாடுவினம். கீழ வந்தா பின்வாங்கில இருக்கிற கிழவியளும் பாடுவினம்" என்றார். பாடற்குழுக்காரர் முறைத்தார். அடுத்த ஞாயிறும் அக்கா இறக்கித்தான் வாசித்தார். பின்வரிசை வாங்குகளிலிருந்து கரகரத்த குரல்கள் எழும்பின. கேட்க அப்படியொன்றும் அழகாக இருக்கவில்லை.

அவர் குடியிருந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு, இவருக்கு வீடு தேர்ந்தெடுக்கத் தெரியாது என்றுதான் தோன்றும். ஒரு ஒழுங்கையின் முடிவில் வெயிலே படாத இரண்டு அறை. தண்ணீர்ப் பைப் வெளியில். சுவர் ஓரமெல்லாம் பாசி. அதற்கு முன்னர் அவர் இருந்த வீடு மேட்டில், நல்ல காற்றோட்டமாக, முன்னுக்குப் பூமரங்களோடு இருந்ததாம். எண்பத்து மூன்று கலவரத்தில் அதற்குள் புகுந்து சாமான்களை வீதியில் போட்டு எரித்தார்கள். அவருடைய பியானோவையும் ஆறேழு பேர் சேர்ந்து படியால் உருட்டினார்களாம். அவர் அப்போது பின்வீட்டுச் சிங்கள அம்மாவின் சமையலறையில், விறகுக்குப் பின்னால் இருந்தார். பியானோ உருண்ட சத்தம் கேட்டதாகவும் எந்தக் கட்டை முதலில் அடித்தது என்றுகூடத் தெரிந்ததாகவும் ஒரே ஒரு தடவை சொன்னார். அடுத்த வீடு தேடும்போது பின்கதவையும், அது யாருடைய முற்றத்தில் திறக்கிறது என்பதையும்தான் பார்த்தார். இந்த இருட்டு வீட்டின் பின்கதவு வீட்டுக்காரச் சிங்களப் பெண்ணின் குசினிக்கு நேரே திறந்தது. "வெயிலை விட்டுட்டன்" என்றார்.

எனக்குப் பதுளைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல உத்தியோகம். கல்யாணத்துக்குப் பிறகு மேடையேறக்கூடாது என்று மட்டும் கேட்டிருந்தார்கள். நான் அக்காவிடம் போய் யோசனை கேட்டேன். "எதை விடுறாய் எண்டு உனக்குத் தெரியுந்தானே" என்றார். தெரியும் என்றேன். "விட ஏலுமெண்டா கட்டு. பிறகு அந்த மனுசனைக் குறை சொல்லக்கூடாது." நான் கட்டவில்லை. இரண்டு வருடம் பொறுத்து வேறொருவரைக் கட்டினேன். பாடப் போவதை அவர் தடுத்ததில்லை. கேட்க வந்ததும் இல்லை.

இப்போது ஓர்கன் கதைக்கு வருகிறேன். அக்காவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

எங்களிடம் இருந்தது பழைய ஓர்கன். கண்டிக் குளிரும் ஈரமும் பிடித்து அதன் கட்டைகள் ஒட்டத் தொடங்கியிருந்தன. மாத்தளையில் ஒரு கல்யாணத்தில், மணமக்கள் உள்ளே வரும் நேரம் ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. எந்தப் பாட்டு வாசித்தாலும் பின்னால் ஒரே ஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் அதைப் புது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். நஸார் சிரிப்பை அடக்க மேடைக்குப் பின்னால் போய்விட்டான். அன்றோடு புதிது வாங்குவது என்று முடிவாயிற்று.

அது புதுவகை ஓர்கன்கள் வந்துகொண்டிருந்த காலம். இடது கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரு கோர்டைப் பிடித்தால் போதும். ட்ரம்ஸ், பேஸ், பின்னணி வயலின் எல்லாம் தானாகச் சேர்ந்து வாசிக்கும். கோர்டை மாற்றினால் எல்லாம் கூடவே மாறும். நஸாருக்கு அதில் பைத்தியம். அவனுடைய கணக்கு பிழையானதும் அல்ல. அப்போது வீதியெல்லாம் சோதனைச்சாவடிகள். ஒவ்வொரு இடத்திலும் வேனை நிறுத்தி ட்ரம்ஸ் பெட்டிகளை இறக்குவார்கள். பெரிய ட்ரம்முக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். அடையாள அட்டையில் அக்காவின் பிறந்த ஊரைக் கண்டதும் இன்னொரு ஆளைக் கூப்பிடுவார்கள். சுனில் இறங்கிப் போய்ச் சிரித்துப் பேசித்தான் எங்களை மீட்டு வருவான். ட்ரம்ஸ் இல்லாவிட்டால் ஒரு சின்ன வேன் போதும், பெட்டி இறக்கத் தேவையில்லை, ஹோட்டல்காரர்களும் ஆள் குறைந்த குழுவைத்தான் விரும்புகிறார்கள் என்றான் நஸார். ட்ரம்ஸ் இல்லாவிட்டால் சுனில் என்ன செய்வான் என்பதை அவன் சொல்லவில்லை. கெட்டவன் அல்ல, அதை நினைத்துப் பார்க்கவில்லை.

சுனில் நினைத்திருந்தான். நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணம் முடிந்து பகலில் திரும்பி வரும்போது அவனாகவே வேனில் பேச்செடுத்தான். அவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மனைவிக்கு ஐந்து மாதம். பெரியம்மாவின் மகன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறானாம். ஆள் எடுக்கிறார்கள், மாதச் சம்பளம், வீடு கட்டக் கடனும் தருவார்கள் என்று சொன்னானாம். ட்ரம்ஸ் வேலை குறைந்தால் தானும் போய்ச் சேர்ந்துவிடப் போவதாகச் சுனில் சிங்களத்தில் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுடைய ஊரில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள். அக்கா ஜன்னல் பக்கம் இருந்தார். அப்போது யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்தது. அங்கே இருந்த அவருடைய தம்பி குடும்பத்திடமிருந்து கடிதம் வந்து பல மாதம் ஆகியிருந்தது. காலையும் மாலையும் ரேடியோச் செய்தியை அவர் நின்றபடி கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

கடைக்கு நாலு பேரும் போனோம். கடைக்காரர் ஒரு ஹாஜியார். பொறுமையான மனிதர். இரண்டு ஓர்கன்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்தார்.

பெரியது கறுப்பு. கட்டைகள் அதிகம். தனியே ஒருவரால் தூக்க முடியாத பாரம். கரண்ட் இல்லாமல் ஓடாது. ஆனால் ரிதம் போட்டதும் நாங்கள் இன்னும் கிட்டப் போனோம். உண்மையான ஆள் உள்ளே இருந்து வாசிப்பது போல இருந்தது. நஸார் ஆட்டத்துக்கான பைலா ரிதத்தைப் போட்டு, பாட்டின் நடுவில் ஒரு பொத்தானை அழுத்தினான். ட்ரம்ஸ் ஒரு உருட்டு உருட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனது. வீதியில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாம் இதுக்குள்ள ஈக்கிது அக்கா. நாங்க சும்மா நிண்டாலே போதும்" என்றான் நஸார்.

சின்னது சாம்பல் நிறம். கட்டைகள் குறைவு. கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். பற்றரியிலும் ஓடும். வயலினும் புல்லாங்குழலும் நன்றாக இருந்தன. ட்ரம்ஸ்தான் பிஸ்கட் டின்னில் தட்டியது போல. ஹாஜியாரே அதைக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டார்.

அந்த நேரம் நான் சுனிலைப் பார்த்தேன். பெரிய ஓர்கனுக்கு முன்னால் நின்று, கை மணிக்கட்டு தன்பாட்டில் ஆட, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வாசித்துப் பதிவு செய்தவன் பெரிய ஆள் என்று எங்களிடம் சொன்னான். இந்த உருட்டு தனக்கு வராது என்றான். அக்காவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியதில் கொஞ்சம் வாசித்தார். சின்னதில் கொஞ்சம் வாசித்தார். மறுபடி பெரியதற்குப் போய், வலது கையால் மட்டும் ஒரு கோவில் பாட்டை மெதுவாக வாசித்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கையை எடுக்க மனமில்லாமல் எடுத்தார்.

சின்னதைக் கட்டித் தரச் சொன்னார்.

நஸாருக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா அமைதியாகக் காரணம் சொன்னார். பாரமில்லை, கரண்ட் போனாலும் வாசிக்கலாம், வயலின் இதில்தான் நல்லது. எல்லாம் உண்மைதான். சுனில்கூட அதை ஏற்கவில்லை. பெரியதை எடுங்கள், நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அவனே அவரிடம் வாதாடினான். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

பெட்டியை முச்சக்கரவண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு நானும் அவரும் வீட்டுக்கு வந்தோம். எனக்கும் ஏமாற்றம்தான். பியானோ எரிந்த நாளிலிருந்து இவருக்குத் தூக்க முடியாத எதைக் கண்டாலும் பயம் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டு வந்து வைத்தபோது, பாரம் என்றுதானே அக்கா அதை விட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பாரம் பெரிசில்லை பிள்ளை. அதை எடுத்தா சுனில் தேவையில்லை. தேவையில்லாத ஆளை எத்தினை நாளைக்குக் கூட்டிக்கொண்டு திரியலாம்? அவனுக்கே விளங்கிப்போம். பட்டாளத்தில போய்ச் சேர்ந்திடுவான்."

நான் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சேர்ந்தா அங்கதான் அனுப்புவாங்கள். அங்க என்ர தம்பியின்ர பிள்ளையள் இருக்குதுகள். ரண்டு பக்கமும் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்."

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, இதைச் சுனிலிடம் சொல்லக்கூடாது என்றார். சொன்னால், தன்னால் குழு கெட்டது என்று நினைத்து அடுத்த நாளே போய்விடுவான் என்றார். பிறகு சின்ன ஓர்கனைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, வயலின் சத்தத்தில் கொஞ்சம் வாசித்துக் காட்டினார். "இது நல்லாத்தானே இருக்கு" என்றார், என்னிடம் கேட்பது போல.

குழு கெடத்தான் செய்தது. ஒரு வருடம் போல நஸார் பொறுத்தான். பிறகு அந்தப் பெரிய ஓர்கன் போலவே ஒன்றை எடுத்து, ஒரு பெடியனோடு இரண்டு பேர் குழு தொடங்கினான். ஹோட்டல்களெல்லாம் அவனிடம் போயின. என்னையும் பாடக் கூப்பிட்டான். அக்கா போகச் சொன்னார். நான் இரண்டு பக்கமும் பாடினேன். நஸாரின் மேடையில் சத்தம் பெரிதாக, பிசகில்லாமல் இருக்கும். அக்காவின் மேடையில் சுனில் சில நேரம் வேகமாகப் போவான், அக்கா அவனோடு ஓடிப் பிடிப்பார், நான் இருவருக்கும் நடுவில் மூச்சு வாங்குவேன். எங்களைக் கூப்பிட்டவர்கள் வரவரச் சின்ன இடத்துக்காரர்கள். ஒரு டிசம்பரில் வத்தேகமப் பக்கம் ஒரு தோட்டத்து மாதா கோவில் நத்தார் விழாவில் பாதியில் கரண்ட் போனது. ஒரு பாட்டுக்கு வயலின் தனியே கேட்டது, பற்றரியும் தீர்ந்தது. புதுப் பற்றரி போட மறந்துவிட்டோம். பிறகு சுனில் வாசிக்க, நானும் தோட்டத்துப் பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினோம். அக்கா மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்தார்.

சுனிலின் பெரியம்மா மகனை வடக்கிலிருந்து பெட்டியில் கொண்டு வந்தார்கள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்கா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊர் முழுக்கத் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடி. அங்கே எங்களைத் தவிரத் தமிழர் யாரும் இல்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவனின் தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. சிங்களத்தில் ஏதேதோ சொல்லி அழுதார். அக்கா பக்கத்தில் இருந்தார். முற்றத்தில் சுனில் தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்காவின் கண் அடிக்கடி அங்கே போனது. அவருடைய தம்பி குடும்பம் இடம்பெயர்ந்து போனதாகச் செய்தி வந்திருந்ததும் அந்த மாதம்தான். பஸ்ஸில் திரும்பி வந்தோம். பேராதனைச் சந்தியில் பஸ் நின்றபோது கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே இழுபட்டது. பிறகு சுனிலுக்குப் பல்கலைக்கழகத்தில் சாரதி வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. நியமனம் கிடைத்த கிழமையே, தயிர்ச்சட்டியும் அதில் ஊற்றுகிற கித்துள் பாணிப் போத்தலுமாக அக்கா வீட்டுக்கு வந்து, காலில் விழுந்து கும்பிட்டான். சனிக்கிழமைகளில் லீவு, வழமைபோல வாசிக்க வரலாம் என்றான். அக்கா அவனுக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து, "இவ்வளவும் போதும், இனிக் காணும்" என்றார். எதற்குக் காணும் என்று சுனில் கேட்டான். கல்யாண வீடுகள் காணும், விரல் மூட்டு நோகிறது, இனிக் கோவிலில் மட்டும் வாசிக்கப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். விரல் நோவு உண்மைதான். ஆனால் அது அதற்கு முன்னரே வந்தது, அப்போதெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வாசித்தவர் அவர். சுனில் கவலைப்பட்டான். தயிர்ச்சட்டியை நான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்துச் சுனிலின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அன்று வயிற்றில் இருந்த பிள்ளைதான். கம்பளை வீதியில் ஒரு மண்டபம். அக்காவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது, தடி ஊன்றி நடந்தார். எங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். மேடையில் ஒரு பையன் தனியே ஒரு பெரிய ஓர்கனை வைத்துக்கொண்டு முழு மண்டபத்தையும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

சுனில் மகளையும் மருமகனையும் எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை வெற்றிலை கொடுத்து, முழங்காலில் இருந்து அக்காவைக் கும்பிட்டது. அக்கா அதன் தலையில் கையை வைத்தார். எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சுனில் மேடையைக் காட்டி, எனக்கும் விளங்க வேண்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

"பாருங்க. அன்னைக்கு கடையில இது மாதிரி ஒண்ணு இருந்தது. நான் எடுங்க எடுங்க சொன்னது. எடுத்திருந்தா நம்ம குரூப் இன்னும் இருக்கும்." பிறகு மருமகன் பக்கம் திரும்பி, இந்த அக்காவுக்கு சங்கீதம் நன்றாகத் தெரியும், மெசின்தான் தெரியாது என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அன்போடு சொன்னான். பல வருடமாக எல்லோரிடமும் அதைச் சொல்லி வந்திருக்கிறான் என்று அவன் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கை மட்டும் என் முழங்காலில் வந்து அமர்ந்தது.

"ஓம் சுனில்" என்றார், "எனக்கு அண்டைக்கு அது விளங்கேல்லை. பிழையாத்தான் எடுத்துப்போட்டன்."

அவன் பரவாயில்லை அக்கா என்று சொல்லிவிட்டு, மற்ற விருந்தாளிகளைக் கவனிக்கப் போனான். அக்கா தட்டிலிருந்த கொக்கிஸ் பலகாரம் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்து, பெரிய பாதியை என்னிடம் தந்தார்.